துறைமுகத்தைப் பார்க்கக் கற்றல்: மாணவர் திரைப்பட முயற்சி பற்றிய ஒரு நோக்கு

பல்கலைக்கழகங்களில் திரைப்படம் ஒரு பாடமாகவும் பயிற்சியாகவும் இடம்பெறத் தொடங்கியதன் பின்னர், மாணவர் குறும்படம் ஒன்றை எடுப்பதோடு அதனை எடுத்த அனுபவத்தைப் பற்றி ஓர் அறிக்கையும் எழுதிக் கொடுத்தல் வழக்கமாகிவிட்டது. அவ்வறிக்கைகளில் 'பெற்றுக்கொண்ட திறன்கள்' என்ற தலைப்பின் கீழ் வரும் பட்டியல் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். குழுவாகச் செயற்படல், நேரத்தைத் திட்டமிடல், கமராவைக் கையாளல், படத்தொகுப்பு மென்பொருளை இயக்கல், தலைமைத்துவம் என்று அது நீளும். இவை பொய்யானவை என்று கூறுவதற்கில்லை. ஆயினும், விளையாட்டுப் போட்டி ஒன்றை நடத்தி முடித்தவரும் கலியாண வீட்டு வேலைகளைப் பொறுப்பேற்றுச் செய்து முடித்தவரும் ஏறத்தாழ இதே பட்டியலைத் தரமுடியும். திரைப்படம் எடுத்தமையினால் மாத்திரம் கிடைக்கக்கூடிய திறன் எது என்னும் வினா இப்பட்டியலினால் விடை பெறுவதில்லை.

அவ்வினாவுக்குத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியை வைத்து விடைதேட முனைவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இடத்தைக் குறிப்பிடாமல் திறனைப் பற்றிப் பேசுதல் எளிது. ஒரு குறித்த கரையில், ஒரு குறித்த காற்றில், குறித்த மனிதரின் முன்னால் கமராவை நிறுத்தும்போதே திறன் என்பது யாது என்பது சோதனைக்குள்ளாகின்றது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே தொடர்பாடல் ஒரு கற்கைநெறியாக இருப்பதும், கையடக்கத் தொலைபேசியே ஒரு கமராவாகிவிட்டதும் இவ்வினாவை மேலும் உடனடியானதாக்குகின்றன. ஓர் இடத்தைப் பிறர் ஏற்கெனவே பார்த்துவைத்த விதத்திலிருந்து விடுபட்டுப் பார்க்கும் ஆற்றலே மாணவர் திரைப்படம் தரக்கூடிய முதன்மையான திறன் என்பதும், கருவி சார்ந்த திறன்கள் யாவும் அதற்குத் துணையாகும்போதே பொருள் பெறுகின்றன என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

1. பார்த்துப் பழகிய காட்சி

திருகோணமலைத் துறைமுகம் நெடுங்காலமாகப் பிறரால் பார்க்கப்பட்டு வந்த ஒன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என வந்தவர் யாவரும் அதனை ஆழம், கப்பல் ஒதுங்குமிடம், பீரங்கி எட்டும் தூரம் என்னும் அளவைகளினாலேயே நோக்கினர். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிரித்தானியர் கைப்பற்றியது முதல், 1957இல் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும் வரையும் இந்நிலையே நீடித்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது, அவ்விமானங்களை ஓட்டி வந்தோருக்கும் அது வானத்திலிருந்து தெரிந்த ஓர் இலக்காகவே இருந்தது. சீனக்குடாவிலுள்ள 99 எண்ணெய்த் தாங்கிகளை எவ்வாறு பங்கிடுவது என்பது பற்றி 2022 ஜனவரியில் செய்யப்பட்ட ஒப்பந்தங்கள் நாட்டினதும் அயல்நாட்டினதும் செய்திகளில் இடம்பெற்றபோதும், தாங்கிகள் 14, 24, 61 என எண்ணப்பட்டனவேயன்றி அவற்றைச் சூழ வாழ்பவர் எண்ணப்படவில்லை.

இப்பார்வைகள் யாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. இவை உயரத்திலிருந்து அல்லது தொலைவிலிருந்து பார்ப்பவை. உல்லாசப் பயணிகளுக்கான படங்களும் இதற்கு விலக்கல்ல. கோணேசர் கோயிலமைந்த மலையுச்சியில், இராவணன் வெட்டுக்கருகே நின்று எடுக்கப்பட்ட கடற்காட்சியே திருகோணமலையின் முத்திரையாகிவிட்டது. படமெடுக்கப் புறப்படும் மாணவரும் முதலில் அம்மலைக்கே ஏறுகின்றார். வசதி வாய்த்தால் பறக்கும் கமரா ஒன்றை அனுமதி பெற்று உயரே செலுத்துகின்றார். கிடைக்கும் காட்சி அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்காட்சி அவர் எடுத்ததன்று. அவர் பிறப்பதற்கு முன்னரே எடுத்து முடிக்கப்பட்ட ஒன்றை அவர் மீண்டும் பிரதி செய்கின்றார்.

மலையிலிருந்து இறங்கி உட்துறைமுக வீதிக்கு வந்தால் வேறொரு துறைமுகம் தென்படும். திருக்கடலூரில் வலை பொத்துபவரும், ஐஸ் பெட்டியோடு வள்ளத்தை எதிர்பார்த்து நிற்கும் மீன் வியாபாரியும், 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரையும் 'பாதை'யில் ஏறித் துறையைக் கடந்து பழகிய கிண்ணியா மக்களும், மா ஆலையிலும் சீமெந்து ஆலையிலும் முறைமாற்றி வேலை செய்வோரும் அத்துறைமுகத்துக்குரியவர்கள். இவர்களுக்குத் துறைமுகம் ஒரு காட்சியன்று. வேலைத்தளம், வழி, சிலவேளை அச்சம். கமராவை எவ்வுயரத்தில் வைப்பது என்பது வெறும் நுட்பப் பிரச்சினை என்று கருதும் மாணவர், அத்தெரிவுக்குள் யாருடைய கண்ணை ஏற்பது என்னும் தெரிவும் அடங்கியிருப்பதை இங்கேதான் உணர முடியும்.

2. நீரடியில் நடந்த பயிற்சி

செய்து பார்த்துக் கற்றல் என்பதற்குத் திருகோணமலைக் கடலிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் கோணேசர் மலையடிவாரத்துக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோயிலின் எச்சங்களைக் கண்டனர். வில்சன் நீர்மூழ்கியும் புகைப்படக்காரருமாவார். திரைப்படக் கல்லூரியில் பயின்றவராக அறியப்பட்டவரல்லர். அவரே 1962இல் 'ரன் முத்து தூவ' என்னும் படத்தை நெறிப்படுத்தினார். முழுநீள வர்ணச் சிங்களப் படங்களுள் முதலாவதான அதில் திருகோணமலைக் கடலின் நீரடிக் காட்சிகள் இடம்பெற்றன. காமினி பொன்சேகா, ஜோ அபேவிக்கிரம ஆகியோர் நடித்த அப்படம் நாடெங்கும் பெருவெற்றி பெற்றது.

நீரடியில் படம் பிடித்தல் என்பது அக்காலத்தில் நூலைப் படித்துக் கைவரக்கூடியதாக இருக்கவில்லை. சூரிய ஒளி நீருக்குள் செல்லச் செல்ல முதலில் சிவப்பு நிறம் மறைகின்றது. சில மீற்றர் ஆழத்திலேயே சிவந்த மீனும் சாம்பல் நிறமாகத் தோன்றும். நீரோட்டம் கமராவை ஓரிடத்தில் நிற்கவிடாது. முதுகிலுள்ள காற்று தீருமுன் காட்சியை முடித்தாக வேண்டும். இத்தடைகளே படமெடுப்பவருக்கு ஆசிரியராகின்றன. ஊடகத்தின் எதிர்ப்பிலிருந்தே திறன் பிறக்கின்றது என்னும் உண்மைக்கு இது தக்க சான்றாகும்.

எனினும், இவ்வுதாரணத்தின் மறுபக்கமும் நோக்கற்பாலது. 'ரன் முத்து தூவ' மக்கள் மனத்தில் நிலைத்திருப்பது புதையல் தேடும் கதையினாலும் கடலடியின் வர்ணங்களினாலுமேயாகும். கடலுக்குள்ளே இறங்கிக் கற்ற அரிய நுட்பம், அக்கடலை ஒரு விந்தையுலகாகக் காட்டுவதற்கே பெரிதும் பயன்பட்டது. அது வெகுசனப் படமாதலால் அதனை அதற்காகக் குறைகூறுதல் பொருந்தாது. ஆனால், நுட்பத்தில் துணிச்சலானதொரு முயற்சிகூடப் பார்வையில் பழக்கப்பட்ட வழியிலேயே செல்லக்கூடும் என்பது மாணவர் மனங்கொள்ள வேண்டிய பாடமாகும்.

3. காத்திருத்தல்

மாணவர் திரைப்படம் பழக்கும் முதலாவது ஒழுக்கம் காத்திருத்தல் எனலாம். திருகோணமலை நகரம் ஒரு புறம் திறந்த கடலுக்கும் மறுபுறம் உட்துறைமுகத்துக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது. காலையொளி திறந்த கடலிலிருந்து வருகின்றது. மாலையொளி உட்துறைமுகத்து நீரின் மேல் சாய்கின்றது. ஒரே நாளில் இரு கரையிலும் படமெடுத்து ஒரே வேளையில் நடந்ததாகக் காட்ட முயலும் மாணவர், நிழல்கள் எதிரெதிர்த் திசைகளில் விழுவதைப் படத்தொகுப்பு மேசையிலேதான் கண்டுகொள்வார். அத்தவறு ஒருமுறை நேர்ந்தபின், ஓரிடத்துக்குச் சென்றதும் கமராவை எடுக்குமுன் சூரியனைப் பார்க்கும் பழக்கம் தானாகவே உண்டாகும்.

நாளுக்கு மாத்திரமன்றிப் பருவத்துக்கும் காத்திருக்க வேண்டும். கீழ்க்கரையில் கரைவலை இழுப்பு, கடல் அமைதியாயிருக்கும் மாதங்களுக்குரியது. அக்காலத்தில் மேற்குக் கரையிலிருந்தும் மீனவர் வந்து வாடியமைத்துத் தங்குவர். வாடைக்காற்றும் மாரிமழையும் தொடங்கியதும் கரை வெறிச்சோடும். பல்கலைக்கழகத்தின் தவணையோ காற்றைக் கேட்டு வகுக்கப்படுவதில்லை. மார்கழியில் ஒப்படைக்க வேண்டிய படத்துக்காகக் கார்த்திகையில் கரைவலையைத் தேடிச் செல்லும் மாணவர், மழையில் நனைந்த வெறுங்கரையையே காண்பார். அவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. இல்லாத கரைவலையை எவ்வாறேனும் செயற்கையாக அமைக்கலாம். அல்லது, வேலையற்ற மாரிகாலத்தில் ஒரு மீனவக் குடும்பம் எவ்வாறு நாளைக் கழிக்கின்றது என்பதைப் பார்க்கலாம். இரண்டாவதைத் தெரிபவர் எழுதிவைத்த திரைக்கதையை இழப்பார். ஆனால் ஒரு படத்தைப் பெறுவார்.

சத்தியஜித் ரேயின் 'பாதேர் பாஞ்சாலி'யில் (1955) ஒளிப்பதிவாளராகப் பணியாற்றிய சுப்ரதா மித்ரா அதற்குமுன் திரைப்படக் கமராவை இயக்கியவரல்லர்; இருபதுகளின் தொடக்கத்திலிருந்த இளைஞர். 'அபராஜிதோ'வில் (1956) காசி நகரத்து வீட்டு முற்றத்தின் ஒளியை அரங்கத்துள் அமைக்க வேண்டி ஏற்பட்டபோது, விளக்கொளியை நேரே பாய்ச்சாமல் வெண்துணியில் தெறித்து விழச்செய்யும் முறையை அவர் கையாண்டார். முற்றத்தில் ஒளி எவ்வாறு விழுகின்றது என்பதைப் பொறுமையோடு பார்த்தவருக்கே அம்முறை தோன்றும். மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்து, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற பாலுமகேந்திராவின் இயற்கையொளி மீதான பற்றும் இவ்வகையிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கது. கிழக்கிலங்கையின் ஒளியில் வளர்ந்த ஒருவர் தமிழ்த் திரையின் ஒளியை மாற்றினார் என்பது இப்பகுதி மாணவருக்கு வெறும் பெருமைக்குரிய செய்தியாக நின்றுவிடலாகாது.

4. கேட்டல்

படத்தைப் பார்க்கப் பழகிய அளவுக்கு நமது மாணவர் படத்தைக் கேட்கப் பழகவில்லை. துறைமுகத்தில் முதலாவதாகத் தோல்வியடைவது ஒலிப்பதிவே. கண்ணுக்கு இதமாகத் தெரியும் கடற்காற்று ஒலிவாங்கியில் பேரிரைச்சலாகப் பதிவாகும். வெளியிணைப்பு இயந்திரத்தின் ஓசையில் வள்ளக்காரரின் பேச்சு மூழ்கிவிடும். இதன் விளைவாகப் பலர் இயற்கையொலியை முற்றாக நீக்கி, அதன்மேல் சோக இசையொன்றைப் பரப்பி விடுகின்றனர். இவ்வாறு செய்யும்போது அவர்கள் நீக்குவது இரைச்சலை மாத்திரமன்று. அந்த இடத்தையே நீக்கிவிடுகின்றனர்.

இதனிலும் ஆழமானது பேச்சுமொழிப் பிரச்சினை. ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் வரலாறு ஒரு வகையில் காதைத் திருத்திக்கொண்ட வரலாறாகும். 1962இல் ஹென்றி சந்திரவன்ச 16 மில்லிமீற்றரில் எடுத்த 'சமுதாயம்' முதலாக வந்த தொடக்ககால முயற்சிகளில் தென்னிந்தியப் படங்களின் செல்வாக்கு மேலோங்கியிருந்தது. 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) ஆகிய படங்களிலேயே இந்நாட்டு மண்ணின் பேச்சு திரையில் தயக்கமின்றி ஒலிக்கலாயிற்று. இவற்றுள் 'பொன்மணி' பல்கலைக்கழக மாணவர் சிறப்பாகக் கருதவேண்டிய படமாகும். யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த தர்மசேன பத்திராஜா, காவலூர் இராஜதுரையின் திரைக்கதையைக் கொண்டு அதனை நெறிப்படுத்தினார். தமது தாய்மொழியல்லாத மொழியில், சாதியும் சீதனமும் இறுகிய ஒரு சமூகத்தைப் பற்றிப் படமெடுத்த அவர், பேச்சைவிட மௌனத்துக்கு மிகுந்த இடமளித்தார். அன்றைய பார்வையாளர் அதனை ஏற்கவில்லை. எனினும், ஒரு சமூகத்துள் வெளியிலிருந்து வந்த ஒருவர் முதலிற் செய்யவேண்டியது கேட்பதே என்பதற்கு அப்படம் இன்றும் சான்றாக நிற்கின்றது.

திருகோணமலையிலோ இப்பணி மேலும் கடினமானது. நகரத் தமிழரின் பேச்சு ஒரு வகை. கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களின் பேச்சு இன்னொரு வகை. கரைக்கு வரும் சிங்கள மீனவரின் மொழி வேறு. மீன் ஏலத்தில் இம்மூன்றும் ஒரே மூச்சில் கலந்து ஒலிக்கும். இவ்வொலிக்கு உபதலைப்பு எழுதும் மாணவர், எந்தச் சொல்லை யாருக்காக விளக்குவது, எதனை விளக்காமல் விடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவராகின்றார். லூகினோ விஸ்கொந்தி 1948இல் சிசிலித் தீவின் மீனவரைக் கொண்டு அவர்களுடைய வட்டார மொழியிலேயே 'லா தெர்ரா திரேமா'வை எடுத்தபோது, இத்தாலியருக்கே அது விளங்காமையால் பொதுமொழியில் விவரணை சேர்க்க நேர்ந்தது. அவ்விவரணையைச் சேர்த்தாரேயன்றி மீனவரின் மொழியை அவர் மாற்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மொழி பெயர்த்தல், கேட்டல், பிறரது பேச்சை வெட்டாமலிருத்தல் ஆகியவை மாணவர் அறிக்கைகளில் திறன்களாக எழுதப்படுவதில்லை. பல மொழி பேசும் ஒரு நாட்டில் இவற்றைவிட வேண்டப்படும் திறன் எதுவென்று கூறுவது அரிது.

5. விலக்குதல்

முன்னைய தலைமுறையினருக்குப் பிலிம் சுருளின் விலையே ஓர் ஆசிரியராக இருந்தது. 16 மில்லிமீற்றரில் 400 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடங்களுக்கு மேல் ஓடாது. பொத்தானை அழுத்துமுன் காட்சி மனத்திலே முடிந்திருக்க வேண்டும். ரஷ்யப் புரட்சியை அடுத்த ஆண்டுகளில் மொஸ்கோவில் லெவ் குலெஷோவ் தம் மாணவருடன் பயிற்சி நடத்தியபோது பிலிமுக்கே தட்டுப்பாடு நிலவியது. ஆகவே பிலிம் இல்லாமலே காட்சிகளை நடித்தும் தொகுத்தும் பழகினர். இரண்டு துண்டுகள் அடுத்தடுத்து வரும்போது இரண்டிலுமில்லாத பொருளொன்று பார்ப்பவர் மனத்தில் தோன்றுகின்றது என்னும் தொகுப்பு விதி பற்றிய அவரது ஆராய்ச்சியும் அச்சூழலுக்குரியதே.

இன்று பதிவு செய்வதற்குச் செலவில்லை. ஆகவே எல்லாம் பதிவாகின்றன. ஐந்து நிமிடப் படத்துக்கு ஐந்து மணி நேரக் காட்சிகளோடு திரும்பி வரும் மாணவர், தெரிவு என்னும் பொறுப்பைக் கரையில் ஏற்காமல் கணினி மேசைக்கு ஒத்திவைக்கின்றார். அங்கும் எதனை நீக்குவது என்பதற்கு அவரிடம் அளவுகோல் இருப்பதில்லை. எடுக்க அரும்பாடுபட்ட காட்சியை நீக்க மனம் வருவதில்லை. வானிலிருந்து எடுத்த காட்சி எதற்கும் பொருந்தாவிடினும் தொடக்கத்தில் இடம்பெற்றுவிடுகின்றது. தன் உழைப்பைத் தன் கையாலேயே வெட்டியெறியும் துணிவு, கவிதையிலும் கட்டுரையிலும் வேண்டப்படுவதேயாயினும், திரைப்படத்தில் அது குழுவினர் அனைவரது உழைப்பையும் பாதிப்பதால் மேலும் வலியுடையது. நண்பர் ஒருவர் மூன்று நாள் வெயிலில் நின்று எடுத்த காட்சியை நீக்குவது பற்றி அவரோடு பேசி முடிவுக்கு வரும்போதே 'குழுவாகச் செயற்படல்' என்ற சொற்றொடர் உயிர் பெறுகின்றது.

6. பொறுப்பு

மேற்கூறிய மூன்றும் சேர்ந்து சோதிக்கப்படும் இடம் ஒன்றுண்டு. கரைவலை இழுப்போர் ஒருவரோடொருவர் இசைந்து இழுப்பதற்காகப் பாடுவது 'அம்பா'. இன்று பல இடங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ஞ் கயிற்றை இழுக்கின்றது. இயந்திரம் இழுக்கும் கரையில் பாட்டுக்குத் தேவையில்லை. இந்நிலையில் கரைக்கு வரும் மாணவர், "அண்ணை, ஒருக்காக் கையால் இழுத்துப் பாடிக் காட்டுங்கோ" என்று கேட்பது இயல்பே. மூத்த மீனவர் சிலர் உவந்து பாடவும் கூடும். படமும் அழகாக அமையும். ஆனால் அது உண்மையா?

இவ்வினா உலக விவரணப்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்த ஒன்று. றொபேட் பிளாகர்ட்டி 'மான் ஒவ் ஆரன்' (1934) படத்துக்காக ஆரன் தீவினரைக் கொண்டு சுறா வேட்டைக் காட்சியை எடுத்தபோது, அவ்வேட்டை அத்தீவில் தலைமுறைகளுக்கு முன்னரே கைவிடப்பட்டிருந்தது. மறந்துபோன தொழிலை அத்தீவினருக்குப் புதிதாகக் கற்பித்தே அவர் படமெடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர் ஜோன் கிரியர்சன் வடகடல் மீன்பிடி பற்றி எடுத்த 'டிரிப்டர்ஸ்' (1929) இயந்திரப் படகுகளையும் சந்தையையும் மறைக்காமல் காட்டியது. கடலையும் மீனவரையும் எடுத்த இவ்விரு படங்களும் இரு வேறு வழிகளை நமக்குக் காட்டுகின்றன. அம்பாவைப் பதிவு செய்தல் தவறன்று. அது அழிந்துவரும் செல்வம். தவறு, வின்ஞ்சைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு இன்றும் அவர்கள் பாடியே இழுக்கின்றனர் என்று நம்பவைப்பதிலேயே உள்ளது. இயந்திரத்தின் அருகே நின்று பழைய பாட்டை நினைவுகூரும் முதியவரைக் காட்டும் படம், அழகில் சற்றுக் குறைந்தாலும் உண்மையில் நிறைந்ததாகும்.

பொறுப்பின் இன்னொரு முகம் அனுமதி. திருகோணமலையில் கமராவைத் தூக்குமுன் கேட்க வேண்டியவர் பலர். கடற்படைத் தளமும் பிரெட்றிக் கோட்டையின் படையினர் பகுதியும் எழுத்துமூல அனுமதியின்றி எடுக்கத்தக்கன அல்ல. ஆயினும் அலுவலகத்தில் பெறும் அனுமதி பாதி அனுமதியே. 2004இன் ஆழிப்பேரலையையும் 2009 வரை நீடித்த யுத்தத்தையும் கண்ட மாவட்டம் இது. 2006இல் மூதூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் இன்றும் அதனை மறக்கவில்லை. இங்குள்ள பலருக்கு, தம்மை ஒருவர் படமெடுப்பது என்பது சோதனைச் சாவடியையோ நிவாரண வரிசையையோ நினைவூட்டக்கூடும். எடுக்கப்பட்ட படம் தமக்குத் திரும்பிக் காட்டப்பட்ட அனுபவம் அவர்களுள் எத்தனை பேருக்கு உண்டு? ஆகவே, முதல் நாள் கமரா இல்லாமற் சென்று தேநீர்க் கடையில் அமர்ந்து பேசிவிட்டு வருவதும், வேண்டாம் என்று ஒருவர் கூறினால் காரணம் கேட்காமல் திரும்பிவருவதும் படப்பயிற்சியின் பகுதிகளே. "படிக்கிற பிள்ளையள்தானே" என்று மக்கள் காட்டும் பரிவை உரிமையாகக் கொள்ளலாகாது.

7. மதிப்பிடும் முறை

இவ்வாறு கூறுவதற்கு ஒரு மறுப்பு எழுதல் கூடும். மாணவர் தொழில் தேடவேண்டியவர்கள். அவர்களுக்கு வேண்டியது கையிலே தொழில்நுட்பம். அதைவிடுத்துப் பார்வை, பொறுப்பு என்று பேசுதல் வசதியுள்ளோரின் பேச்சு என்பதே அம்மறுப்பு. இதில் நியாயமுண்டு. சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் ஒன்றுசேர்ந்து உருவாக்கிய 'ஊமை விழிகள்' 1986இல் வெற்றி பெற்றபோது, பயிற்சி பெற்ற இளைஞர் தொழிற்துறையினுள் தம் நுட்பத்தினாலேயே நுழைய முடியும் என்பது நிறுவப்பட்டது. இலங்கையிலும் அரச திரைப்படப் பிரிவில் குறும் விவரணங்களை எடுத்துப் பழகிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், அப்பயிற்சியின் பலத்திலேயே 'ரேகாவ'வை (1956) அரங்கத்துக்கு வெளியே கொண்டுசென்றார். ஒலி கேட்காத படத்தையும் குவியம் தப்பிய காட்சியையும் உயர்ந்த கருத்தைக் காட்டி மன்னிக்கும்படி கேட்பது, நுட்பத்தைக் காட்டிக் கருத்தின்மையை மறைப்பதற்கு எவ்வகையிலும் குறைந்த குற்றமன்று. முதியவரின் குரல் காற்றில் அழிந்துபோனால் அவர்மீது கொண்ட மதிப்பு படத்தில் எங்கே நிற்கும்? ஆகவே நுட்பமும் பொறுப்பும் எதிரெதிர்க் கட்சிகளல்ல. நன்றாகப் பதிவு செய்தல் என்பதே படமெடுக்கப்பட்டவருக்குச் செய்யும் முதல் மரியாதை.

எனவே மாறவேண்டியது மதிப்பிடும் முறையாகும். மாணவர் படத்தை வெளிவந்த பெரும்படங்களோடு ஒப்பிட்டு, அவற்றை எவ்வளவு ஒத்திருக்கின்றது என்று பார்ப்பது பயனற்றது. முதலில் எழுதிய திரைக்கதைக்கும் இறுதியில் தொகுத்த படத்துக்குமிடையே உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். அத்தூரம் எங்கே, எவரால், எக்காரணத்தால் உண்டாயிற்று என்று எழுதும் அறிக்கையே உண்மையான அறிக்கை. கார்த்திகை மழையில் கைவிட்ட கரைவலைக் காட்சியும், காற்றில் அழிந்த பேட்டியும், வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்காக மாற்றிய கதையும் அதில் இடம்பெற வேண்டும். தோல்விகளை எழுத இடமில்லாத அறிக்கை, மாணவரைப் பட்டியல் தயாரிப்பவராக மாத்திரமே பழக்கும்.

இறுதியாக, இவை முதலிற் காட்டப்படும் இடம் பற்றியும் சிந்திக்க வேண்டும். மாணவர் படங்கள் பெரும்பாலும் வளாக மண்டபத்தில், புள்ளியிடுவோரின் முன்னிலையிலேயே முதன்முதல் திரையிடப்படுகின்றன. திருக்கடலூரில் எடுத்த படம் முதலில் திருக்கடலூரில், ஒரு சுவரிலோ வெள்ளைத் துணியிலோ காட்டப்படுமாயின், அங்கு எழும் சிரிப்பும் மௌனமும், "இது இப்படியில்லைத் தம்பி" என்னும் திருத்தமும் எந்தப் பரீட்சகரும் தரமுடியாத விமர்சனமாகும். நெடுங்காலமாகப் பிறரால் அளக்கப்பட்ட அத்துறைமுகத்தில், அங்கு வாழ்பவர் தம்மைப் பற்றிய ஒரு படத்தை அளந்து பார்க்கும் வாய்ப்பு அன்று ஏற்படும். அவர்கள் முன்னிலையில் தன் படத்தோடு கூசாமல் நிற்க முடிந்த மாணவர், தான் பெற்ற திறன் எதுவென்று பட்டியலிட்டுக் காட்டவேண்டியதில்லை.